வெடிப்புக்கு முன்னால் இருந்தது

கர்நாடகத்தில் இருக்கும் பைலகுப்பே திபெத்திய மடத்து வாத முற்றத்தில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும், நிற்பவர் கேள்வி கேட்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தான் சொன்னதற்கே மாறாகச் சொல்லி மாட்டிக்கொண்டால் போச்சு, நிற்பவர் கைதட்டி "ட்ஸா!" என்று கத்திவிடுவார். 'வெட்கக்கேடு' என்று அர்த்தமாம்.

அன்று உட்கார்ந்திருந்தவர் ரப்கே. நின்றவன் அவருடைய அறையிலேயே தங்கியிருந்த இளைய பிக்கு ஜம்பெல். ஜெயிப்பவர்தான் பல மடங்கள் கூடும் குளிர்காலப் பெருவாதத்துக்கு மடத்தின் சார்பில் போவார்.

"நம்ம நூல்படி உலகத்துக்குத் தொடக்கமே இல்ல, ஒண்ணு அழிஞ்சு மிஞ்சின துகள்லேருந்துதான் அடுத்தது பிறக்குது. ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்."

"அறிவியல் நிரூபிச்சதையும் ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்."

"பெருவெடிப்புக்கு முன்னால ஒண்ணுமே இல்லன்னு நிரூபிச்சாச்சே!"

"வெடிப்பா?" என்றார் ரப்கே. மடத்தில் நடக்கும் அறிவியல் வகுப்புப் பக்கமே அவர் போனதில்லை. ஜம்பெல் காலைத் தூக்கித் தரையில் அறைந்து கைதட்டினான். "ட்ஸா!" முற்றமே சேர்ந்து கத்தியது.

"வெடிச் சத்தத்துல அண்ணனுக்குக் காது அடைச்சுப்போச்சுடா!" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு.

ஜம்பெலும் சிரித்தான். ஆனால் மைசூரிலிருந்து வரும் ஆசிரியை வகுப்பில் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது: "அதுக்கு முன்னால என்ன இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது." தெரியாது என்றதை இல்லை என்று மாற்றியவன் அவன்தான்.

மறுநாள் காலையில் ரப்கே வழக்கம்போல் இருவருக்கும் வெண்ணெய்த் தேநீர் கலந்தார்.

"தூக்கமே வரலடா. இத்தன வருஷம் படிச்சது தப்புன்னா அதையும் தெரிஞ்சுக்கணும் இல்லையா? எனக்கு அந்தப் பாடத்தச் சொல்லிக் குடுப்பியா?"

அவர் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பான். தேநீரைக் குடிக்காமலே எழுந்துபோனான்.

மாலையில் முற்றம் கூடியதும் ஜம்பெல் போய்ப் பதில் சொல்பவரின் இடத்தில் தானாகவே உட்கார்ந்தான். "நேத்து நான் கேட்டத இப்ப என்கிட்ட கேளுங்கண்ணா."

ரப்கே ஒன்றும் விளங்காமல் எழுந்து நின்றார். "வெடிப்புக்கு முன்னால என்னடா இருந்துச்சு?"

"தெரியாதுன்னுதான் அறிவியல் டீச்சரம்மா சொன்னாங்க. ஒண்ணுமில்லன்னு கதை கட்டினது நான். பெருவாதத்துக்கு நீங்க போங்கண்ணா."

கைதட்டுவதற்காக ரப்கேயின் கை மேலே போயிற்று. ஜம்பெல் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அந்தக் கை இறங்கிவந்து, அவன் தோளிலிருந்து நழுவியிருந்த மேலாடையை இழுத்துச் சரிசெய்தது.

"நாளைக்கு அந்த வகுப்புக்கு நானும் வரேன். பக்கத்துல எடம் போட்டு வை."

ஜம்பெல் நிமிரவேயில்லை. பின்வரிசையில் யாரோ மெல்ல, "ட்ஸா..." என்றார்கள். ரப்கே சொல்லாமல் விட்ட அந்தச் சொல்தான் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.