டிரம்மைத் தொடும் பரிகாரம்

என் வீட்டுக்காரர் சவுரிமுத்துவுக்கு ஒடிந்த கை சேர்ந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. பம்மல் டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம் அவர் கையை இழுத்து ஒடித்தது அறுபத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு முன்னால். இப்போது அது உருளும் சத்தம் தூரத்தில் கேட்டாலே மனுஷன் போர்வைக்குள் போய்விடுவார். திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

கடைசியாகப் பார்ப்போம் என்று முதலாளி, மனோதத்துவம் படித்த வேதசிரோமணி சாரை அனுப்பினார். தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்தார்.

"கண்ணை மூடிக்குங்க. மனசுல இருக்கிறதை ஒளிக்காம சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

மாதாகோயிலில் சாமியார் கேட்பதும் இதுதானே. என் ஆள் சடாரென்று முழங்கால் போட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். சார் புராட்டஸ்டண்ட், பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழக்கமில்லை. திருதிருவென்று விழித்தார்.

"போன ஈஸ்டருக்குக் காணாம போச்சே எங்க வூட்டுக் கோழி, அத்த எடுத்தது பக்கத்து வூட்டு புஷ்பம் இல்ல சார். நான்தான். டேனரி ஆளுங்களோட வறுத்துத் துன்னுட்டேன்."

அடப்பாவி மனுஷா! அந்தக் கோழிக்காகப் புஷ்பத்தைத் தெருவே கூடி நிற்கத் திட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தேன்.

"டிரம்மைப் பத்திச் சொல்லுங்க" என்று கெஞ்சினார் சார்.

"அது இன்னா பாவமா? பரிகாரம் குடு சார். இல்லாங்காட்டி எயுந்துக்க மாட்டேன்."

சார் என்னைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். "சரி, தினம் காலைல அந்த டிரம் நிக்கறப்ப போய்த் தொடுங்க. அதான் பரிகாரம்" என்றார்.

டிரம்முக்குப் பயந்த மனுஷன், பரிகாரத்தைத் தட்டிக்கழிக்க அதைவிடப் பயந்தார். திங்கட்கிழமை போய், கண்ணை இறுக்கி மூடித் தொட்டார். "வந்துட்டல்ல, தோலைத் தூக்கு" என்றாராம் மேஸ்திரி. தூக்கியிருக்கிறார். சாயங்காலம் தோல் நாற்றத்தோடு வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி வந்த சாரிடம் சொன்னேன்: "அவரு நல்லாக்கீறாரு சார். எனக்குத்தான் புஷ்பம் மூஞ்சியப் பாக்க பயமாக்கீது."

"போய் அவங்க கதவைத் தொடுங்க" என்றுவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

போனேன். கை எழவில்லை. கக்கத்தில் ஒரு புதுக் கோழியோடு பின்னால் வந்த என் ஆள், அந்த ஒடிந்த கையாலேயே என் கையைப் பிடித்துக் கதவில் வைத்தார்.

"தொடு கன்னியம்மா" என்றார். "இழுக்காது."