இயங்காதவை

அவள் வேலை பார்த்த இடத்தில் உலகம் அழிவதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. டீ குடிக்கும்போதுகூட அதுதான் பேச்சு. விண்கல் ஏதாவது நம் பக்கம் வருகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அணு ஆயுதங்களைக் குறைக்கச் சொல்லி நாடு நாடாக ஏறி இறங்குகிறவர்கள், இன்னும் வராத கொள்ளைநோய்க்கு இப்போதே மருந்து தேடுகிறவர்கள், சிந்திக்கும் இயந்திரங்கள் கைமீறிப் போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்கள். மனித குலத்தின் வெகுதூர நாளைக்காக உழைக்கிற அமைப்புகளைத் தேடிப்பிடித்து, வகை பிரித்து, ஆண்டுக்கொரு முறை கையேடாக வெளியிடுவதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். உதவி செய்ய நினைப்பவர்கள் அந்தக் கையேட்டைப் புரட்டித்தான் யாரை நம்பலாம் என்று முடிவு செய்வார்கள். ஒவ்வொரு அமைப்பும் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவள் பொறுப்பு.

அதற்கான விதியை எழுதியவளும் அவள்தான். இரண்டு வருடமாக ஒரு அமைப்பிடமிருந்து செய்தியே இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் வராவிட்டால் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், ‘இயங்காதவை’ என்ற தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்துவிடும். அலுவலகத்தில் அந்தப் பக்கங்களுக்குச் சுடுகாடு என்று பெயர். “இன்னைக்கு எத்தனை பேரைத் தூக்கினே?” என்று தொகுப்பாசிரியர் கேட்பார். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

அந்தச் சுடுகாட்டிலிருந்து ஒருத்தி எழுந்து நேரில் வருவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

வந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துணிப்பை. சண்டைக்கு வந்தவள் மாதிரியே தெரியவில்லை.

“நான் விதை அறையிலேர்ந்து வர்றேம்மா. எங்களை இயங்கலைன்னு போட்டிருக்கீங்க. நாங்க இருக்கோம்.”

விதைக்காரம்மா நிதானமாகச் சொன்னாள். ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கின் மூலையில் சின்ன அறை. அவளும் அவள் தம்பியும் உணவுப் பயிர்களின் விதைகளை உலர்த்தி, உறையிலிட்டு, அதில் வைத்திருந்தார்கள். உலகத்தில் விளைச்சல் அடியோடு பொய்த்துப்போகும் ஒரு காலம் வந்தால், உயிரோடு இருப்பவர்கள் எடுத்து விதைக்கட்டும் என்று.

“ஒவ்வொரு தடவை திறந்தாலும் வெளி வெக்கை உள்ளே புகுந்துடும். அதனால திறக்க மாட்டோம். திறக்காம இருக்கிறதுதான் எங்க வேலை. செய்தி போடறதுக்கு என்னம்மா இருக்கு?”

“இப்ப அந்த அறை?”

“கிடங்குக்காரர் வாடகை வாங்காம கொடுத்திருந்தார். உங்க புஸ்தகத்துல எங்க பேர் இருக்குன்னு அவருக்கு ஒரு பெருமை. இந்த வருஷம் பார்த்தார். இழுத்து மூடின இடத்துக்கு அறை எதுக்குன்னு காலி பண்ணச் சொல்லிட்டார். இப்ப எல்லாம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. மிச்சம் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல, முட்டைக்கும் பாலுக்கும் நடுவுல.”

அவள் வாயைத் திறப்பதற்குள் விதைக்காரம்மாவே தொடர்ந்தாள். “உங்களைக் குத்தம் சொல்ல வரலைம்மா. தப்பு எங்களோடது. பதில் வராட்டாதான் அந்தப் பக்கத்துல போடுவீங்கன்னு முன்னாடியே எழுதியிருக்கீங்களே, படிச்சேன். மெயில் பார்க்கிறது என் தம்பி. கோட்டை விட்டுட்டான். ரெண்டு மாசமா நான் அவன்கூட பேசறதில்லை.”

“பரவாயில்லைங்க,” என்றாள் அவள். “திருத்திடலாம்.”

விதைக்காரம்மா கைகூப்பிவிட்டுப் போன பிறகும் அந்தப் ‘பரவாயில்லைங்க’ அவள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எதை மன்னித்தாள் அவள்? யாரை?

அவர்களுக்கு அவள் மின்னஞ்சல் அனுப்பவே இல்லை. கையேடு அச்சுக்குப் போகவிருந்த வாரத்தின் ஒரு மதியம், அவர்களுடைய தளத்தைத் திறந்தாள். ஓர் இரும்புக் கதவின் படம். கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. தேதியைத் தாண்டி அவள் கண் போகவில்லை. எடுத்துச் சுடுகாட்டில் போட்டாள். அன்று அவளுக்கு அவசரம்கூட இல்லை. வெறும் சலிப்பு. அவசரம் என்று இருந்திருந்தால் அதன் தலையிலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

இப்போது மறுபடி அந்தத் தளத்துக்குப் போனாள். தேதிக்குக் கீழே இரண்டே வரி. ‘அறை குளிர்ச்சியாக இருக்கிறது. எல்லாம் நலம். அடுத்து திறக்கும்போது எழுதுகிறோம்.’

நூறு வருடத்துக்குப் பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்களை இரண்டு வருடக் கோலால் அளக்கிற விதி. அதையும் அவளே மீறியிருந்தாள்.

தொகுப்பாசிரியர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே? ‘பதில் கிடைக்காததால் நேர்ந்த பிழை’ன்னு ஒரு திருத்தம் போடு. முடிஞ்சுது. ரெண்டு மெயிலும் போச்சு இல்ல?” என்றார்.

“ம்,” என்றாள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா சமையலறைக் குழாய்க்கு அடியில் வாளியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

“வாடியம்மா. உலகத்தைக் காப்பாத்துறவங்க அத்தனை பேர் நம்பரும் உன்கிட்ட இருக்கு. இந்தக் குழாயைப் பார்க்க ஒருத்தனைக் காணோம்.”

வழக்கமாகச் சிரிக்கிற தங்கை நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ‘ம்’ வரைக்கும். அக்கா வாளியை அப்படியே வைத்தாள்.

“சொன்னா வேலை போயிடுமா?”

“போகாதுக்கா. ஒரு நாள் திட்டு விழும், அவ்வளவுதான். எனக்கு ஒண்ணுமே ஆகாது. அதுதான் தாங்கலை.”

“உனக்குத் தாங்குதோ இல்லையோ,” என்றாள் அக்கா. “அங்கே ஒருத்தன் செய்யாத தப்புக்குக் கூடப்பிறந்தவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கான். அவனைப் பத்தி ஒரு வார்த்தை வருதா பாரு உன் வாயிலே.”

அவளுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரமும் அவள் தன் மனசைத்தான் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதலில் தொகுப்பாசிரியரிடம் அந்த ‘ம்’மைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “எழுது, உண்மையையே எழுது,” என்றார். அங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போனாள். கிடங்குக்காரர் காது கொடுத்துக் கேட்டார். ஆனால் அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று, அடுத்த வருடம் காலியானால் அவர்களுக்கே தருகிறேன் என்றார்.

விதைக்காரம்மாவின் வீட்டுக் கதவைத் திறந்தது தம்பி. ஒல்லியான மனிதன், சவரம் செய்து பல நாளாகியிருந்தது. அவள் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறாள் என்று தெரிந்ததும் பதறினான்.

“மன்னிச்சிடுங்க மேடம். உங்க மெயிலை நான்தான் தவற விட்டேன். பார்த்த ஞாபகம்கூட இருக்கு. அப்புறம் பதில் போடலாம்னு ஒதுக்கி வச்சேன்.”

“அப்படி ஒரு மெயிலே இல்லைங்க,” என்றாள். “நான் அனுப்பவே இல்லை. அனுப்பாமலே உங்களை அந்தப் பக்கத்துல போட்டுட்டேன்.”

“இல்லைங்க மேடம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. காலையிலதான் வந்தது.” அவளைத் திருத்துகிறவன் மாதிரி அவன் சொன்னான். இரண்டு மாதத்தில் அவன் அந்த மின்னஞ்சலைத் தானே எழுதி, தானே படித்து, தானே தொலைத்திருந்தான்.

உள்ளேயிருந்து விதைக்காரம்மா வந்து நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. வந்தவளை அவள் பார்க்கவில்லை.

“டேய்,” என்றாள் தம்பியிடம். “சாப்பிட்டியா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். உள்ளே போகிறவனையே விதைக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் ஈரத்துணி விரித்து, உறைக்கு நாலைந்தாக எடுத்த விதைகளைப் பரப்பியிருந்தார்கள். இடம் மாறியதில் எது பிழைத்தது, எது போயிற்று என்று பார்க்க. ஒன்றும் இன்னும் வெடித்திருக்கவில்லை. கிடங்குக்காரர் சொன்னதை அவள் சொன்னாள். உண்மையை எழுதிக் கையேட்டுத் தளத்தின் முதல் பக்கத்திலேயே போடப்போவதையும் சொன்னாள். விதைக்காரம்மா துணியின் ஓரத்தை விரலால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“முளைக்குமா?”

“தெரியலை.”

“நான் அடுத்த வாரம் வந்து பார்க்கட்டுமா?”

விதைக்காரம்மா அன்று முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. நேற்று அலுவலகத்துக்குக் கொண்டுவராமல் விட்டுவந்த கோபம்.

“வாங்க, இல்லே வராம இருங்க. பிழைச்சது முளைக்கும்.”

ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது. அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.