மெரேவுக்குக் கொடுத்த முதல் கொட்டான்

ஸ்வர்ணலதாவுக்கு வாய் நீளம். தி. நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் பேசிப் பேசி வளர்ந்த வாய், சும்மா கிடக்குமா? ஆனால் மருமகள் மெரேயிடம் 'மன்னிச்சிடு' என்கிற ஒரு சொல் மட்டும் நாலு வருஷமாக அந்த வாயில் வரவில்லை.

மெரே நியூசிலாந்துக்காரி, மாவோரி இனம். மகன் ஸ்ரீஹரி அங்கே வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்டவள். மோவாயில் பச்சை குத்தியிருப்பாள். இங்கே வரவேற்பு வைத்த அன்று, நாலு பேர் என்ன பேசுவார்களோ என்று பயந்து, அழகு நிலையப் பெண்ணை விட்டு அதன் மேல் கிரீமை அப்பி அடியோடு மறைக்க வைத்தாள் ஸ்வர்ணலதா. அந்தக் கோடுகள் மெரேயின் பாட்டன் பூட்டன் வழியைச் சொல்பவை என்று மகன் பிறகுதான் சொன்னான். ஒரு குலத்தையே பூசி மெழுகிய புண்ணியவதி! மெரே மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டாள்.

இப்போது பக்கவாதம் வந்து ஸ்வர்ணலதாவின் வலது கை விழுந்துவிட்டது. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. எந்த முகத்தை மறைத்தாளோ அந்த முகம்தான் வாசலில் வந்து நின்றது. குளிப்பாட்டினாள், ஊட்டினாள். விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மயிலாப்பூர் மாட வீதியில் பனையோலை வாங்கிவந்து கீறி, தன் ஊர்க் கூடைப் பின்னலைச் சொல்லிக்கொடுத்தாள்.

"இது நம்ம ஊரு ஓலைக் கொட்டான்தான. இதுக்கு நியூசிலாந்துல இருந்து வரணுமாக்கும்," என்று முனகினாள் மாமியார். ஆனாலும் விரல் அசைந்தது. இரண்டு மாதத்தில் கோணல்மாணலாக ஒரு கொட்டான் முடிந்தது.

"அத்தை, முதல்ல பின்னினது நீங்க வெச்சுக்கக் கூடாது. யாருக்காவது கொடுக்கணும். எங்க வழக்கம்," என்றாள் மெரே, அரைகுறைத் தமிழில்.

பார்க்க வந்திருந்த நாத்தனார் மீனாட்சி குறுக்கே விழுந்தாள். "டாக்டருக்குக் குடுங்க மதினி. உயிரைக் காப்பாத்துன மனுஷன்."

ஸ்வர்ணலதா நடுங்கும் வலது கையாலேயே கொட்டானை எடுத்து மெரேயிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு உன் முகத்தை மறைச்சது நான் செஞ்ச பாவம். மன்னிச்சிடு தாயி. இந்தக் கையே நீ குடுத்தது."

மெரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, தன் இனத்து வரவேற்பு முறைப்படி, மாமியாரின் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் சேர்த்து அப்படியே இருந்தாள்.

"இது என்ன கூத்து மதினி?" என்றாள் மீனாட்சி.

"நீ சும்மா இரு," என்றாள் ஸ்வர்ணலதா, கண்ணைத் திறக்காமல். "எம் மருமக என்னைச் சேத்துக்கிட்டா."