பதினாறாம் சேனலில் ஒரு குரல்

அக்கா பல் டாக்டர், தங்கை தையற்காரி. அக்காவின் பாய்ப்படகில் இருவரும் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தார்கள். படகு அக்காவின் பொறுப்பு, அடுப்படி தங்கையின் பொறுப்பு. அவசரத்துக்கு உதவுமே என்று அக்கா ரேடியோவில் பேசும் முறையையும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"'ஓவர்'னா நான் முடிச்சுட்டேன், நீ பேசு. 'அவுட்'னா பேச்சே முடிஞ்சுது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னா, பேசு, ஆனா பேசாதேன்னு அர்த்தம்."

"நீ எங்கிட்ட எப்பவும் அப்படித்தானே பேசறே!" என்று தங்கை சிரித்தாள்.

அன்று பிற்பகல் காற்று திடீரென்று திசை மாறியது. பெரிய பாயைத் தாங்கும் கட்டை வீசிக்கொண்டு வந்து அக்காவின் தோளில் மோத, அவள் சுருண்டு விழுந்தாள். காற்றோ ஏறிக்கொண்டே போனது. பாயை இறக்கிவிடலாம் என்று தங்கை கயிற்றை அவிழ்த்தாள். காற்று பாயை, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளோடு வைத்து அழுத்தியதில் அது ஒரு சாண்கூட இறங்கவில்லை. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது.

"மேடேன்னு கூப்பிடட்டுமா?"

"படகு முழுகலையே. உயிருக்கு ஆபத்துன்னாதான் அது. அவசர உதவிக்கு 'பான் பான்'. அதைச் சொல்லு, மூணு தடவை" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

தங்கை ரேடியோ மைக்கை எடுத்தாள். எல்லாக் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கும் பதினாறாம் சேனலில் பான் பான் என்று மும்முறை சொல்லி, படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லி, "எங்க அக்காவுக்கு அடிபட்டிருக்கு. பாய் இறங்க மாட்டேங்குது. ஓவர்" என்று முடித்தாள்.

ஒரே இரைச்சல். பிறகு நிதானமான ஓர் ஆண்குரல். "கேட்டேன்மா. சரக்குக் கப்பல் கேப்டன் பேசறேன். உங்க பக்கம் திரும்பிட்டேன். பயப்படாதீங்க. ஓவர்."

அடிவானத்தில் புள்ளியாகத் தெரிந்தது வளர்ந்து மலையாக நின்றது. தங்கை அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்ததே தவிர உச்சி தெரியவில்லை. கப்பல் காற்று வரும் பக்கமாகப் போய், கொஞ்சம் எட்டத்தில் குறுக்கே நின்றது.

அவ்வளவுதான். காற்று அடங்கிப்போயிற்று. கம்பிகளின் ஊளை நின்றது. அலைகள் படுத்துவிட்டன. கப்பலுக்கு அந்தப் பக்கம் கடல் அதே வெறியோடு அடித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் குளம்போல ஒரு துண்டுத் தண்ணீர், இவர்கள் இருவருக்காக மட்டும். தங்கைக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"இப்ப இறக்கிப் பாருங்க. ஓவர்."

பாய் மளமளவென்று இறங்கி அவள்மேலேயே கொட்டியது. பாய்த்துணியை விலக்கிக்கொண்டு வந்தவள், கேப்டன் சொல்லச் சொல்ல அக்காவின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். கட்டு கச்சிதம், தையற்காரியின் கை அல்லவா. எலும்பு முறிந்திருக்கும் போலிருக்கிறது என்றார் அவர். கரையில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவைப்பதாகவும் சொன்னார். சொன்னபடியே, சின்னப் பாயை மட்டும் விரித்து இரண்டாம் நாள் அவர்கள் கரை சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

அன்று, கட்டுப் போட்டு முடிந்ததும், கப்பல் விலகத் தொடங்கியது. எங்கோ உயரத்தில் எறும்புகள்போல மனிதர்கள் கையசைத்தார்கள். அந்த மலையையே தன் குரல் ஒன்று திருப்பியிருக்கிறதே என்று தங்கைக்கு நம்பவே முடியவில்லை. மைக்கை எடுத்தாள். "ரொம்ப நன்றி, கேப்டன். ஓவர்" என்றாள், 'அவுட்' சொல்ல மனம் வராமல்.