விரதத்தில் விட்ட குளிசை

தவநாயகியின் குசினி ஜன்னலுக்கு எதிரே, பின்வீட்டுக் கூரையின்மேல் ஒரு புகைபோக்கி நின்றது. கோடையில் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்த பின்னும் அதன் தலையில் வெயில் இருக்கும். ஆவணி கழிந்ததும் அந்த வெயில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாகவே விடைபெற்றுக்கொள்ளும். தவநாயகி பாத்திரம் கழுவியபடியே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அப்படி நிற்பதைக் கணவர் தியாகராஜாவும் பார்ப்பார். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

இலண்டனின் செவன் கிங்ஸுக்கு வந்த முதற்சில ஆண்டுகள் அதைக் களைப்பு என்றே இருவரும் எண்ணியிருந்தனர். பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவளுக்குக் களைப்பு வராமல் இருக்குமா? ஆனால், அந்தக் களைப்பு பங்குனியில் தானாகவே போய், மறுபடியும் ஐப்பசியில் தானாகவே வந்தது. வந்தால் அவளாற் கட்டிலை விட்டு எழ முடியாது. எத்தனை மணிநேரம் உறங்கினாலும் உறக்கம் தீராது. பாணும் சீனியும் தவிர வேறொன்றும் வாய்க்குப் பிடிக்காது. தலைமுடி நாட்கணக்காய்ச் சிக்குப்பட்டுக் கிடக்கும். தொலைபேசி மணியடித்தால், அவளிடமிருந்து எதையோ பறித்துப்போக யாரோ வாசலில் நிற்பதுபோல் நெஞ்சு திக்கென்னும்.

தொலைபேசியைத் தியாகராஜாவே எடுப்பார். யார் கேட்டாலும், "அவ குளிக்கிறா" என்பார். நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழகாதவர். ஆகவே ஒரே பொய்யைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். இலண்டனில் உள்ள தமிழரில் தவநாயகியைப் போல் முழுகுபவர் எவருமில்லை என்று உறவினர் தங்களுக்குள் கேலி பேசியது அவர் காதுக்கும் எட்டியதுண்டு.

போன குளிர்காலம் வேலைக்குப் போகாமலே கிடந்தபோதுதான், டாக்டர் அதற்கொரு பெயர் சொல்லி, மனச்சோர்வுக் குளிசையை எழுதிக் கொடுத்தார். தை மாதக் கடைசியில் தொடங்கிய குளிசை வேலைசெய்யத் தொடங்கியபோது, பூங்காவிலே மஞ்சட்பூக்களும் தலைகாட்டிவிட்டன. எழுப்பியது குளிசையா, பூவா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த டாக்டர், மகள் மயூராவின் வயதுப் பெண், அடுத்தமுறை இருட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம், செப்டெம்பரிலேயே தொடங்கி இளவேனில்வரை விடாமற் போடுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அவ்வாறே இவ்வாண்டு தொடங்கினாள். சில கிழமைகள் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் காலை, குசினியில் யாரோ வானொலியைப் போட்டுவிட்டார்கள் என்றெண்ணித் திரும்பிப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டிருந்தது தானேதான் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். வெளியே இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இம்முறை அவள் எழுந்து நிற்கவேண்டிய காரணம் ஒன்று இருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் வாழும் ஒரே மகள் மயூராவுக்கு, மணமாகி ஒன்பதாம் ஆண்டில், வயிற்றிற் பிள்ளை தங்கியிருந்தது. தையிலே பேறு. பிள்ளைப்பெற்றவளைத் துடக்குக் கழியும்வரை பார்ப்பது தாயின் பொறுப்பு. மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைக்கவேண்டும், வெந்நீர் வார்க்கவேண்டும், இரவிலே குழந்தையை ஏந்தவேண்டும். தை மாதத்திலே தன் தாய் எப்படிக் கிடப்பாள் என்பதை மயூரா சிறுவயதிலிருந்தே அறிவாள். ஆகவே, நற்செய்தியைச் சொன்ன அதே தொலைபேசியில், சுற்றிவளைக்காமற் கேட்டுவிட்டாள்.

"அம்மா, தையிலை உங்களுக்கு ஏலுமோ? ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

"ஏலும்" என்றாள் தவநாயகி.

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் குளிசை. ஆயினும், குளிசையைப் பற்றி அவள் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால், தாயிடம் எஞ்சியிருந்த மதிப்பும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்நிலையில் கந்தசஷ்டி வந்தது.

மகளுக்குப் பிள்ளை வேண்டும் என்று ஐந்து ஆண்டுகளாகத் தவநாயகி அந்த விரதத்தைப் பிடித்துவந்தாள். ஆறாண்டு தொடர்ந்து பிடிப்பதாக நேர்த்தி. இது ஆறாவது ஆண்டு. பிள்ளை வயிற்றில் வந்துவிட்ட ஆண்டில் விரதத்தைத் தளர்த்துவது, வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்புவது போலாகும். எனவே, முன்னைய ஆண்டுகளைவிட இறுக்கமாகவே பிடிப்பது என்று தீர்மானித்தாள். பகலில் நீர் மட்டும். மாலைப் பூசைக்குப் பின் ஒரு கோப்பைப் பாலும் ஒரு வாழைப்பழமும். கட்டில் இல்லை, பாய்தான். வேலைக்கு விடுப்பு எடுத்தாள். விரதத்தின் முதல்நாட் காலை முழுகிவிட்டு வந்து, விடவேண்டியவற்றையெல்லாம் எடுத்து அலுமாரியின் மேற்தட்டில் வைத்தாள். தேயிலைப் பேணி போயிற்று. இனிப்பு பிஸ்கற் போயிற்று. அவற்றோடு, சற்றே யோசித்துவிட்டு, அந்தக் குளிசைப் பெட்டியும் போயிற்று.

பக்கத்திலே இருந்த பிரஷர்க் குளிசையை அவள் தொடவில்லை. அதை எடுத்துவைக்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை. விரதகாலத்தில் மருந்து தடையில்லை என்பது கோவிலிலே எல்லாரும் அறிந்தது. விரதக்காரிகளுக்கெல்லாம் மூத்தவளான கனகாம்பிகையே, சந்நிதிக்கு முன்னால் அமர்ந்து, சீனி வருத்தம் என்னும் நீரிழிவு நோய்க்கான குளிசைகளைக் கடலை கொறிப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வாயிற் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். அவை மருந்து. ஆனால், தவநாயகியின் மனக்கணக்கிலே இது மருந்தாக இருக்கவில்லை. ஒரு சுகமாக இருந்தது. முணுமுணுத்துப் பாடவைக்கின்ற ஒன்று, தேநீரோடும் மெத்தையோடும் சேர்த்தியில்லாமல் வேறென்ன? விரதம் என்பதே சுகத்தை விடுவது அல்லவா? ஆறு நாள்தானே என்று எண்ணினாள். முருகன் பார்த்துக்கொள்ளமாட்டானா என்றும் எண்ணினாள்.

இரண்டு நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள்ளே ஏதோ சொடுக்கியது. பழுதான ரியூப் விளக்கு விட்டுவிட்டு எரிவதுபோல. நான்காம் நாள், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தவள் காரணமில்லாமல் அழுதாள். பசி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாள், குளிர்கால நேரத்துக்காக நாடெங்கும் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். அன்று பின்னேரம் அவள் குசினி ஜன்னலுக்குப் போனபோது, புகைபோக்கியையே காணவில்லை. அங்கே இருட்டு மட்டும் இருந்தது. முகம் கழுவுவதும் சீலை மாற்றுவதும் பெரிய காரியங்களாகத் தோன்றத் தொடங்கின. பாயிலே கிடந்து, சுவரைப் பார்த்தாள். பழைய ஆள் வீட்டுக்குள்ளே வந்துவிட்டதை அவள் உடம்பு அடையாளம் கண்டுகொண்டது.

தியாகராஜா வந்து எட்டிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் தொலைபேசி அடித்தது. "அவ குளிக்கிறா" என்று அவர் சொல்லும் குரல் நடையிலிருந்து கேட்டது.

ஆறாம் நாள் சூரன்போர். கோவில், முன்னாளிற் பண்டகசாலையாக இருந்த கட்டடம். போர் அதன் கார் தரிப்பிடத்திலே நடக்கும். தூறலில் குடைகள் நெருங்கி நின்றன. மயூராவும் வந்திருந்தாள், வயிற்றின்மேல் பொத்தான் பூட்ட இயலாத கோட்டோடு, தந்தையின் பக்கத்திலே ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். தவநாயகி விரதக்காரிகளின் வரிசையில் முன்னுக்கு நின்றாள். இளைஞர் தோளிலே சூரன் முன்னும் பின்னுமாக ஓடினான். ஆனைமுகம் போய்ச் சிங்கமுகம் வந்தது. அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். உள்ளே அந்தச் சொடுக்கல் ஒருமுறை, இருமுறை, பிறகு ஓயாமல். நிலம் மெதுவாக ஒருபக்கம் சரிந்தது. அவள் கனகாம்பிகையின்மேல் விழுந்தாள்.

கண் விழித்தபோது நெற்றி நிறையத் திருநீறு இருந்தது. பெண்கள் கைகூப்பி நின்றார்கள். கனகாம்பிகை அவளுடைய கையை எடுத்துத் தன் கண்ணிலே ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"தவநாயகிக்கு முருகனே கிட்ட வந்திட்டார்" என்றாள் கனகாம்பிகை, சுற்றிநின்றவர்களைப் பார்த்து. "நாங்களும் பிடிக்கிறம் விரதம். பின்னேரம் எப்ப வரும், வாழைப்பழம் எப்ப வருமெண்டு. இதல்லோ விரதம்."

தவநாயகி மறுக்கவில்லை. மறுக்க வலுவில்லை என்பது ஒரு பாதி. அந்தப் பெருமை இதமாக இருந்தது என்பது மறுபாதி. பல ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் ஒன்றுக்கும் உதவாதவளாகக் கிடந்தவளை, அன்று நாலுபேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மயூரா கும்பிடவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, தாயை எழுப்பி, செருப்பு வைக்கும் அறைக்குக் கூட்டிப்போய் வாங்கிலே இருத்தினாள். கதவைச் சாத்தினாள். எதிரே, நனைந்த சப்பாத்துகளின் நடுவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள்.

"பசி மயக்கம் இப்பிடி வராது. போன வருஷமும் பிடிச்சனீங்கள், விழேல்லை. என்னம்மா செய்யுது?"

தவநாயகி ஒன்றுமில்லை என்றாள். மயூரா அசையவில்லை. வெளியே மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் அரைவாசி கேட்காமற் போகும் என்று எண்ணினாளோ என்னவோ, தவநாயகி சொல்லிவிட்டாள். போன தையிலே டாக்டர் தந்ததும், செப்டெம்பரிற் தொடங்கியதும், அலுமாரியின் மேற்தட்டும் எல்லாம்.

மயூரா நனைந்த சப்பாத்தொன்றைக் காலால் ஒதுக்கினாள். பிறகு கேட்டாள்:

"பிரஷர்க் குளிசையையும் நிப்பாட்டினீங்களோ?"

"அதை ஏன் பிள்ளை நிப்பாட்டுறன்? அது வருத்தத்துக்கெல்லோ."

சொல்லி முடித்த பின்புதான் தவநாயகிக்குத் தன் வாயிலிருந்து வந்தது கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மயூரா சிரித்தாள், அது சிரிப்பில்லை.

"எனக்காக விரதம் பிடிச்சு, எனக்காகப் போட்ட குளிசையை நிப்பாட்டியிருக்கிறியள். நான் இதை ஆருக்குச் சொல்ல?" என்றாள். பிறகு, எங்கோ பார்த்தபடி, "மாமிக்கு ரிக்கற் போட்டாச்சு அம்மா. ரொறன்ரோவிலை இருந்து தையிலை வாறா. நீங்கள் ஏலுமெண்டு சொன்ன அடுத்த கிழமையே கேட்டிட்டன்."

அது தவநாயகியைச் சூரனைத் தைத்த வேலினும் ஆழமாகத் தைத்தது. தாய் செய்யவேண்டியதற்கு மாமியாரை அழைத்த மகள் அந்தச் சொல்லை ஒருநாளும் நம்பவில்லை. கோபப்பட முயன்றாள். கோபத்துக்கும் வலு வேண்டியிருந்தது.

காரிலே இருந்தபடி மயூரா மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்தாள். அங்கே பேசியவர், இன்றைக்குரியதை இன்று போடுங்கள், விட்டதற்காக இரட்டிப்பாகப் போடவேண்டாம், நாளை டாக்டரோடு பேசுங்கள் என்றார். பலன் தெரிய மறுபடியும் சில கிழமைகள் ஆகலாம் என்றும் சொன்னார். முன்னிருக்கையில் இருந்து எல்லாவற்றையும் கேட்ட தியாகராஜா, கண்ணாடித் துடைப்பானைப் போட மறந்தவராய், மழை வழியும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலே சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பாலும் பழமும் வைத்திருந்தது. பாறணை மறுநாட் காலையில்தான். விரதம் முடிய இன்னும் ஓர் இரவு இருந்தது. ஐந்து ஆண்டுகளும் இந்த ஆறு நாட்களும், கடைசி இரவிலே ஒரு வெள்ளைக் குளிசையால் உடைந்துவிடுமோ என்ற பயம் அவளை விடவில்லை. பேசாமல் நாளைக்குப் போடலாமே என்றாள். மயூரா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்திருக்கலாம்.

தியாகராஜா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, முழங்கால் முறுமுறுக்க ஏறி, அலுமாரியின் மேற்தட்டிலிருந்து பெட்டியை எடுத்தார். அதைக் கொண்டுபோய்ப் பிரஷர்க் குளிசைக்குப் பக்கத்திலே வைத்தார். தகட்டிலிருந்து ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதுவும் வருத்தத்துக்குத்தான். போடும்" என்றார்.

அவ்வளவு ஆண்டுகளில் அவர் அதைப் பற்றிச் சொன்ன முதற்சொற்கள் அவை. தவநாயகி விளக்கைப் பார்த்தாள். பிறகு குளிசையை வாயிலிட்டுப் பாலைக் குடித்தாள். விளக்கு எரிந்தபடியே எரிந்தது.

காலையில் பாறணைக்கு அவளாற் சமைக்க முடியவில்லை. இரவு அங்கேயே தங்கிய மயூராதான், அடுப்பிலே வயிறு இடிக்க, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். குழம்பிலே புளி கூடிவிட்டது. தவநாயகி வாழையிலைக்கு முன்னால் அமர்ந்து, தலைக்குள் சொடுக்கல் இன்னும் இருக்க, சிறுசிறு கவளமாக உண்டாள். பசித்திருந்தும் ருசிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காலை என்று சொல்லத்தக்க ஒன்றும் வந்திருக்கவில்லை. இந்தமுறை குளிர்காலம் தன்னை முந்திவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. குளிசை அதை எட்டிப் பிடிக்குமா என்பது தெரியவில்லை.

கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்ட மயூரா வாசலிலே நின்றாள்.

"அம்மா, தையிலை ஏலுமோ?"

பழைய சொல் தவநாயகியின் நாக்கிலே வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"தெரியாது பிள்ளை" என்றாள். "போடுறன். ஏலுமெண்டால் வாறன். ஏலாட்டில் அண்டைக்கே உனக்குச் சொல்லுறன். மாமியும் வரட்டும்."

மயூரா தாயின் முகத்தைச் சிறிதுநேரம் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "இது காணும், போதும்."

அவள் போய்ச் சிறிதுநேரத்தில் தொலைபேசி அடித்தது. கனகாம்பிகை. முருகன் கிட்ட வந்தவளின் சுகம் விசாரிக்க எடுத்திருந்தாள். தியாகராஜா வழமைபோல் வாயைத் திறந்தார். திறந்தவர், பாயிலே சாய்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"அவ குளிக்கேல்லை" என்றார். "அவவுக்கு ஏலாமல் கிடக்கு. குளிசை போட்டிட்டுப் படுத்திருக்கிறா."