மூன்று கோட் நீலம்

முருகானந்தத்துக்குத் துருவைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது. போர்ட் பிளேரில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் பத்தொன்பது வருடமாக அதுதான் அவன் வேலை. சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்க்க வேண்டும், தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும், தேய்த்த கையோடு பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்தால் போதும், மறுநாள் காலையில் இரும்பு செம்மண் பூசிக்கொண்டு நிற்கும். உப்புக்காற்று அப்படி. கராச்சர்மாவில் அவன் வீட்டு கேட், ஜன்னல் கம்பி, கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் வருடம் ஒருமுறை பெயிண்ட் உண்டு. “அசையாம நின்னா எனக்கும் ரெண்டு கோட் அடிச்சிருவாரு” என்று அவன் மனைவி சுகுணா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொரு பைத்தியமும் அவனுக்கு இருந்தது. பள்ளிக்கூட நாட்களில், விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது, ரேஸ் பயிற்சிக்காரர்கள் வரிசையாக அவனைக் கடந்து போவார்கள். விரல் தடிமனில் டயர், கடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்திலிருந்து கிறுகிறுவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பால் பாத்திரத்தோடு நின்றுவிடுவான். ஆனால் ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. வீட்டில் இருந்தது அப்பா அரிசி மூட்டை ஏற்றி வரும் கனத்த சைக்கிள்தான். அந்த ஆசை நாற்பத்திரண்டு வயதுவரை உள்ளேயே கிடந்தது. அதுக்கு மட்டும் துருப் பிடிக்கவில்லை.

முந்தின வருட மழைக்காலத்தில் யார்டு நண்பர் ஒருவரின் கிரகப்பிரவேசத்துக்கு சௌல்தாரி போனான். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் பாக்கு காயவைக்கும் கொட்டகையில் ஒதுங்கினான். நிமிர்ந்து பார்த்தால் உத்தரத்தில் ஒரு ரேஸ் சைக்கிள் பிரேம் கயிற்றில் தொங்குகிறது. சக்கரம் இல்லை, ஹேண்டில் இல்லை, செயின் இல்லை. மேலே பச்சைப் பெயிண்ட், அதற்கடியில் துரு புகுந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

வீட்டுக்காரி சொர்ணம்மா குடை பிடித்து வந்து அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். அறுபதைத் தாண்டியவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

“எங்க சேகரு வண்டி தம்பி. அவன் போயி மூணு வருசமாச்சி. எலிக்காய்ச்சல். அஞ்சே நாளு.”

ஒரே மகன். அவனோடு சைக்கிள் ஓட்டிய பையன்கள் சக்கரங்களைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். மற்றதெல்லாம் மழையில் போயிற்று. பிரேமை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது அதையும் துரு தின்கிறது என்று சொல்லிவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்கலாமா கூடாதா என்று தவித்துவிட்டு, கடைசியில் முருகானந்தம் அந்தப் பிரேமைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டே விட்டான்.

மழை விட்ட பிறகுதான் அவள் பதில் சொன்னாள். “காசெல்லாம் வேணாம். ஓடுற மாதிரி ஆக்கிட்டா, ஒரே ஒரு தடவ இங்க கொண்டாந்து, அந்த மேட்டுலருந்து இறக்கிக் காட்டுங்க. அந்த வளைவுல அவன் திரும்பினா பச்சையா தெரியும். அதப் பாத்துட்டுத்தான் நான் ஒலையில அரிசி போடுவேன். சோறு சூடா இருக்கணும் அவனுக்கு.”

“கண்டிப்பா கொண்டு வரேம்மா. பக்கா” என்றான். பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது கண்டக்டர் இந்தியில் திட்டினான். இவன் காதில் விழவில்லை.

அதன் பிறகு ஒன்றேகால் வருடம். தீவில் சைக்கிள் கட்டுவது என்றால் கப்பலுக்குக் காத்திருப்பது. சக்கரங்களை சென்னையில் இருக்கும் மச்சான் சுதாகர் வாங்கி வைத்திருந்தான். அங்கிருந்து வருகிற யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டும். வருகிறேன் என்றவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. டிக்கெட் கிடைத்தவர் சக்கரத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். வளைந்த ஹேண்டில், மாற்றலாகிப் போன ஒரு நேவிக்காரர் விட்டுப்போனது. பெடல் அச்சின் வலப்பக்க மூடியைக் கழற்ற மூன்று நாள் மல்லுக்கட்டி, உள்ளங்கை கிழிந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரு மரை மட்டும் எதிர்ப்பக்கம் திருகினால் கழலும் என்று. சுகுணா கையில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, “கப்பலையே கழட்டுறவரு” என்றாள்.

நடுவில் இரண்டு முறை சொர்ணம்மா போன் செய்தாள். “அவசரமில்ல தம்பி, சும்மாதான் கேட்டேன்.” இன்னும் செயின் வர வேண்டும், பிரேக் கேபிள் வர வேண்டும் என்று சொன்னான். பொய் இல்லை.

பெயிண்ட் வேலையைக் கடைசிக்கு வைத்திருந்தான், நல்ல பண்டத்தை இலையின் ஓரத்தில் வைத்துக்கொள்வதுபோல. சேகர் அந்தப் பச்சையைக் கையால் பிரஷ் வைத்து அடித்திருந்தான். தண்டு முழுக்கப் பெயிண்ட் வழிந்து சொட்டி உறைந்திருந்தது, பிரஷ் மயிர் இரண்டு அதிலேயே ஒட்டிக் கிடந்தது. ஹேண்டில் சொருகும் கழுத்துக்குப் பக்கத்தில், காய்வதற்குள் யாரோ தொட்டுவிட்ட ஒரு விரல் தடம். ரேகை வரி வரியாகத் தெரிந்தது. யார்டில் இப்படி ஈரப் பெயிண்டில் கை வைத்தால் சூப்பர்வைசர் பரம்பரையையே இழுப்பார். “யாருடா இது” என்று தானாகச் சிரித்துக்கொண்டு, முருகானந்தம் முதலில் அந்த இடத்தில்தான் எமரி பேப்பரை வைத்தான்.

சுகுணா வாசலில் நின்று பார்த்தாள். “கலரு மாத்தப் போறேன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“துருவ வச்சிக்கிட்டுக் கேட்டுட்டா இருப்பாங்க? அது மேலயே அடிச்சா ஆறு மாசத்துல பிரேம் ஓட்டையாயிரும். பாக்கட்டும், அசந்து போயிருவாங்க.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. இரும்பு வரை தேய்த்தான். பச்சைத் தூளும் துருவும் தரையில் கலந்து கிடந்ததை வாளித் தண்ணீர் ஊற்றி, சுத்தமாகக் கழுவிப் பின்பக்கக் கால்வாயில் தள்ளினான். பிரைமர், மூன்று கோட் நீலம், அதன்மேல் பளபளப்புக்கு வார்னிஷ். எந்தக் கப்பலுக்கும் அவன் அப்படி அடித்ததில்லை. ஒரு சொட்டு வழியவில்லை. செயினை மாட்டிப் பெடலைச் சுற்றி விட்டபோது பின்சக்கரம் கிறுகிறுத்தது. முருகானந்தம் அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியதை சுகுணா பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போன் செய்தான். “வாங்க தம்பி, வாங்க. பதினோரு மணிக்கு நான் ரோட்டுல நிப்பேன்” என்றாள் சொர்ணம்மா. அவள் குரல் அப்படி நிமிர்ந்து அவன் கேட்டதில்லை.

சௌல்தாரி மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கினான். கீழே கொட்டகைக்கு முன்னால் வெளுத்த புடவை கட்டி அவள் நிற்பது தெரிந்தது. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். முருகானந்தம் பெடலை அழுத்தினான். பாக்கு மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. சட்டைக்குள் காற்று புகுந்தது. மிதிப்பதை நிறுத்தினான், கிறுகிறு சத்தம் சரிவு முழுக்க அவனோடு இறங்கி வந்தது. பால் பாத்திரத்தோடு நின்ற பையன் வாழ்நாள் முழுக்கக் கேட்ட வரம் அது. வளைவில் திரும்பி, அவள் முன்னால் பறந்து, பிரேக் பிடித்து, சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தான்.

சொர்ணம்மா அவனைப் பார்க்கவில்லை. கையை நெற்றியில் வைத்து, இன்னும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான். “அம்மா.”

“வந்துட்டீங்களா தம்பி?” என்றாள். “வண்டி பின்னால வருதா?”

சைக்கிளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். அவள் குனிந்து பார்த்தாள். ஹேண்டிலைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், நீலத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை நம்பாமல் கையை நீட்டினாள். பெருவிரல் நேராகக் கழுத்துப் பக்கம் போய், அங்கே ஒரே இடத்தில் தடவியது. மேலே தடவியது, கீழே தடவியது, சுற்றிப் போய் மறுபடி அதே இடத்துக்கு வந்தது. வழவழவென்று இருந்தது.

“இங்கன ஒரு தடம் இருந்திச்சே” என்றாள். “அவன் பெயிண்டு அடிக்கிறப்ப நாந்தான் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். காயறதுக்கு முந்தி வெரல் பட்டுப்போச்சி. என்னா திட்டு திட்டினான்! மேல அடிச்சி மறைச்சிருடான்னேன். வேணாம், கெடக்கட்டும், வண்டி காணாமப் போனா இத வச்சிக் கண்டுபிடிச்சிரலாம்னான்.”

எமரி பேப்பரை அங்கே வைத்துத் தேய்த்தபோது சிரித்தது முருகானந்தத்துக்கு ஞாபகம் வந்தது. “தெரியாம… துரும்மா… உள்ள வரைக்கும் போயிருச்சு…” என்று என்னவோ உளறினான்.

“அய்ய, அதுக்கென்ன” என்றாள் அவள் அவசரமாக. “நல்லா பண்ணிருக்கீங்க. கடையில வாங்குன மாதிரி இருக்கு. வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க, டீ தர்றேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கொட்டகையில் அதே ஸ்டூலைப் போட்டாள். டீயைக் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பெருவிரலை மட்டும் ஆள்காட்டி விரலோடு சேர்த்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத நீங்களே வச்சிக்குங்கம்மா. நான் விட்டுட்டுப் போறேன்” என்றான்.

“எனக்கெதுக்குத் தம்பி? இது உங்க வண்டி.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்தப் பச்சையத் தேய்ச்சி எடுத்தீங்களே, அந்தத் தூளு… அத எங்க போட்டீங்க?”

“கால்வாயில கழுவி விட்டுட்டேம்மா.”

“ம்” என்றாள். “மழ கொண்டு போயிருக்கும்.”

அவன் சொல்லிக்கொண்டு எழுந்தான். சைக்கிளில் ஏறாமல் மேட்டில் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனவன், டீ கிளாஸைக் கொட்டகைத் திண்டில் வைக்காமல் கையிலேயே எடுத்து வந்துவிட்டதைப் பார்த்து, கொடுக்கத் திரும்பி இறங்கினான். சொர்ணம்மா மறுபடி ரோட்டோரம் வந்து நின்று, வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொட்டகை ஓரத்து அடுப்பில் உலை கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. களைந்த அரிசி பக்கத்தில் பாத்திரத்திலேயே இருந்தது.