இருட்டுக்கு ஒரு துணி

பவுனம்மாளுக்கு அந்த மாதம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பட்டப்பகலில் கொஞ்சம் இருட்டு.

அவள் புருஷன் கார்த்திகேசு கோலாலம்பூர் ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். இரவு முறை. பொழுது சாயும்போது போய், விடிந்ததும் வந்து பாயில் விழுவான். விழுவான் என்றுதான் சொல்லலாம், தூங்குவான் என்று சொன்னால் பொய். ரயில்வே லயத்தில் இடம் கிடைக்காமல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் காப்பிக்கடையின் மேல்மாடியில், ஓட்டுக்கு அடியில் குடியிருந்தார்கள். எந்தப் புண்ணியவான் கட்டிய அறையோ, கூரை சரிந்து சரிந்து ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. இருந்த இரண்டு சன்னல்களில் ஒன்று முக்கோணம். மற்றது ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. இரண்டுக்கும் கதவு இல்லை, வெறும் கண்ணாடி. காலையில் ஒன்று காயும், மத்தியானத்துக்கு மேல் மற்றது காயும். நடுவில் படுத்திருப்பவன் இரண்டு பக்கமும் வேகவேண்டியதுதான்.

போன மாதம் அவன் வேலையில் கண்ணயர்ந்துவிட்டான். சாமி புண்ணியம், எந்த வண்டியும் எதன்மேலும் மோதவில்லை. ஆனால் யார்டு பெரியவர் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் தூங்கினாலும் சரி, வேலைக்கு நேரத்துக்கு வராவிட்டாலும் சரி, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம்.

ஆகவே சன்னலுக்குத் துணி வேண்டும். பவுனம்மாள் முதலில் அவனுடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் கீழேயிருந்து காப்பிக்கடை முதலாளி தவுக்கே மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார்.

“தா பொலே, அம்மா, தா பொலே! வெள்ளைத் துணி கூடாது லா! எங்க ஆளுங்க பாத்தா சாவு வீடுன்னு நெனப்பான். காப்பி குடிக்க யாரு வரும்?”

அவர் பிழைப்பு அவருக்கு. அவிழ்த்துவிட்டாள். மறுநாள் மரைக்காயர் துணிக்கடையில் பூப்போட்ட சிவப்புத் துணி ஒன்று அவள் கண்ணைப் பறித்தது. வீட்டில் வந்து சொன்னாள்.

“செவப்பா?” கார்த்திகேசு பாயில் கிடந்தபடியே கேட்டான். “சன்னல் நேரா லைன பாத்துக்கிட்டு இருக்கு. உள்ள வெளக்கு வச்சா மெயில் டிரைவர் வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்து, என்னம்மா ஆச்சுன்னு கேப்பான்.”

“அப்ப பச்சை வாங்கட்டுங்களா?”

“அது இன்னும் மோசம், பவுனு. நிக்கவேண்டியவன் நிக்காம போயிருவான்.”

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

நீலத்தைத் தவுக்கேயிடம் கேட்டாள். அதுவும் அவர்கள் துக்கத்துக்கு உடுத்துகிற நிறமாம். கறுப்பை அவளே தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சுமங்கலி வீட்டில் கறுப்பு தொங்குவதா? மஞ்சளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அதற்குள்ளே மரைக்காயர் முகம் தாடியோடு தெரிந்தது. இரண்டு ஓட்டைச் சன்னலுக்கு ஊரையே கேட்டு முடிவெடுக்கவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒனக்கு இருட்டுதான வேணும்? அழகு வேணாம்ல?” என்றார் மரைக்காயர்.

“அழகா? எங்களுக்கா?”

உள்ளே போய் மாட்டுவண்டிக் கூண்டுக்குப் போடுகிற மண்ணிறக் கித்தானைக் கொண்டுவந்து போட்டார். அதற்கு ஆட்சேபம் சொல்ல எந்தச் சாதியிலும் ஆள் இல்லை.

கம்பி போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தாள். சரிந்த கூரையில் துணி எப்படிச் சுவரோடு ஒட்டும்? சன்னல் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் என்று ஆடியது. கடைசியில் கோணலுக்குக் கோணலாக வெட்டி, சுற்றிலும் ஆணி அடித்து, மத்தளத்துக்குத் தோல் கட்டியதுபோல் இழுத்துவிட்டாள். மேலே தண்ணீரும் தெளித்தாள். அறை இருண்டு, குளிர்ந்து, கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி ஆயிற்று.

கார்த்திகேசு வந்து படுத்தான். படுத்தவன் குறட்டை விட்டான்! பவுனம்மாள் அந்தச் சத்தத்தைக் கச்சேரி கேட்பதுபோல் உட்கார்ந்து கேட்டாள். கோழி கூவுமுன் எழுந்து மாவாட்டித் தோசை சுட்டு விற்று, பகலெல்லாம் அவன் தூக்கம் கலையாமல் பூனை நடை நடந்த உடம்பு அவளுடையது. அதற்கும் ஒரு நியாயம் உண்டல்லவா? கொஞ்சம் சாயலாம் என்று பக்கத்தில் சாய்ந்தாள்.

கீழே யாரோ கூப்பிடுகிற சத்தத்தில்தான் கண் விழித்தாள். தடவித் தடவி மாடிப்படி இறங்கினாள். யார்டில் அவனோடு வேலை பார்க்கும் ஜெயராஜ், கையில் விளக்கோடு நின்றான். தெருவில் நன்றாக இருட்டியிருந்தது.

“அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா, அக்கா?”

“தூங்குறாரு.”

ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பெரியவர் வேற ஆள போட்டுட்டாரு. காலையில சட்டையையும் வெளக்கையும் கொண்டாந்து குடுக்கச் சொன்னாரு.”

அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வீட்டில் கடிகாரம் ஏது? நெட்டைச் சன்னல் வெயில் தரையில் நகர்ந்து அடுப்பைத் தொட்டால் உலை வைப்பாள். சுவரில் ஏறினால் அவனை எழுப்புவாள். இத்தனை நாளும் அப்படித்தான். அந்த வெயிலைத்தான் அவள் பார்த்துப் பார்த்துத் துணி வாங்கி, தன் கையாலேயே ஆணி அடித்து மூடியிருக்கிறாள். உள்ளதும் போச்சு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, கை எழவில்லை.

மேலே ஏறி வந்தாள். எழுப்ப வேண்டும் என்று தோளருகே கையைக் கொண்டுபோனாள். ஒரு மாதமாகச் சுருங்கியே கிடந்த நெற்றி பிள்ளை நெற்றியாக விரிந்திருந்தது. எழுப்பி எதைச் சொல்வது?

முக்கோணச் சன்னலின் ஒரு மூலையில் ஆணி தளர்ந்து, தெருவிளக்கு வெளிச்சம் கீற்றாக அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பவுனம்மாள் எழுந்து போய், கித்தானை இழுத்து, ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினாள்.